ஆன்டிலோப் கேன்யன்: ஒளியும் வெள்ளமும் பார்த்து மாதம் குறிப்பது

கேள்வி: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஆன்டிலோப் கேன்யன் என்னும் பாறைப் பிளவைக் காணக் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். இருண்ட பாறை இடுக்கில் மேலிருந்து ஒளித்தூண் இறங்கும் படங்களைப் பார்த்தே இந்த ஆசை வந்தது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்தான் விடுப்பு எடுக்க முடியும் என்கிறார் கணவர். டிசம்பரில் கூட்டம் குறைவு என்கிறார் தோழி. எந்த மாதம் செல்வது நல்லது?

பதில்: நீங்கள் பார்த்த ஒளித்தூண் ஆண்டு முழுவதும் கிடைக்கும் காட்சி அன்று என்பதிலிருந்து தொடங்குவோம். பிளவின் வாய் மிகக் குறுகலானது என்பதால், சூரியன் வானில் போதிய உயரத்துக்கு ஏறும் நாட்களில்தான் அதன் கதிர் அடித்தரையைத் தொடும். பேஜ் நகரை ஒட்டிய இந்தப் பகுதி ஏறத்தாழ 37 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 76 பாகை உயரத்தில் நிற்கிறது. டிசம்பர் பிற்பகுதியிலோ 30 பாகை அளவோடு நின்றுவிடுகிறது. எனவே மார்ச் நடுப்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரைதான் ஒளித்தூணை எதிர்பார்க்கலாம். அதுவும் முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 1.30 மணிக்குள். உங்கள் தோழி சொல்லும் டிசம்பரில் அதைக் காண இயலாது.

இங்கே மேல் ஆன்டிலோப், கீழ் ஆன்டிலோப் என்று தனித்தனியான இரண்டு பிளவுகள் இருக்கின்றன. மேல் பிளவு அடியில் அகன்றும் உச்சியில் குறுகியும் இருப்பதால் உள்ளே இருள் மிகுதி, ஒளித்தூணும் அங்கேதான் தெளிவாக எழும். கீழ் பிளவு இதற்கு நேர்மாறாக மேலே அகன்றது, இரும்பு ஏணிகளில் இறங்க வேண்டும், ஒளித்தூண் அரிது. ஆகவே ஒளித்தூணே குறி என்றால் மேல் பிளவுக்கு, நண்பகல் நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். நவாஹோ பழங்குடியினரின் நிலம் என்பதால் அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியின்றி எவரும் உள்ளே செல்ல முடியாது. நண்பகல் நேரத்துக்கான கட்டணம் அதிகம், இடங்களும் முதலில் தீர்ந்துபோகும்.

மாதத்தைப் பொறுத்தவரை, மே மாதக் கடைசி வாரத்திலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையிலான நாட்களையே நான் பரிந்துரைப்பேன். சூரியன் போதிய உயரத்தை எட்டியிருக்கும். வசந்தகாலத்தின் மணல் காற்று பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். கோடை இடிமழை தொடங்கியிருக்காது. உங்கள் கணவர் விரும்பும் ஜூலை, ஆகஸ்டில் ஒளி நன்றாகவே கிடைக்கும் என்றாலும், அந்த இடிமழை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். விடுப்பை ஒரு மாதம் முன்னே நகர்த்த முடியுமா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாலைவனத்தில் மழையே அபூர்வம். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தால் ஜூலை, ஆகஸ்டில் செல்வதில் என்ன ஆபத்து?

பதில்: ஆபத்து தலைக்கு மேலிருந்து வருவதில்லை. 1997 ஆகஸ்டு 12 அன்று கீழ் ஆன்டிலோப்பில் சுற்றுலாப் பயணிகள் 11 பேர் வெள்ளத்தில் இறந்தபோது அந்த இடத்தில் மழை மிகக் குறைவாகவே பெய்திருந்தது. பல கிலோமீட்டர் தொலைவில், நீர் வரத்துப் பகுதியில் கொட்டிய இடிமழைதான் பிளவுக்குள் வந்து சேர்ந்தது. பாலைவனத்தின் வெறும் பாறையும் இறுகிய மண்ணும் நீரை உறிஞ்சுவதில்லை. பரந்த நிலப்பரப்பில் விழும் மழை முழுவதும் வறண்ட ஓடை வழியே திரண்டு, இரு கை நீட்டினால் சுவர் தட்டும் இடுக்குக்குள் நுழையும்போது சில நிமிடங்களிலேயே நீர்மட்டம் ஆளை மூழ்கடிக்கும் அளவுக்கு உயர்கிறது. ஏறித் தப்பப் படிக்கட்டு போன்ற சுவர்களும் அங்கில்லை. மணற்கல்லை இத்தனை வழவழப்பாக்கியதே இப்படிப்பட்ட வெள்ளங்கள்தாம்.

அந்த விபத்துக்குப் பிறகு உறுதியான ஏணிகள், வானிலை வானொலி, அபாயச் சங்கு ஆகியவை அமைக்கப்பட்டன; நீர் வரத்துப் பகுதியில் புயல் மேகம் திரண்டால் பயணங்களை நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே ஜூலை, ஆகஸ்டில்தான் செல்ல முடியும் என்றால் அப்பகுதியில் ஒரே நாளோடு திட்டத்தை முடித்துவிடாமல் மாற்று நாள் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வலுப்பது என்பதால் முற்பகல் பயணமே உகந்தது. வெயில் அடிக்கிறதே என்று வழிகாட்டியிடம் வாதாடுபவர்களைப் பற்றி என்ன சொல்வது! தெற்கே எங்கோ கருத்திருக்கும் வானத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: ஒளித்தூண் இல்லாத மாதங்களில் செல்வது வீண்தானா?

பதில்: இல்லை. ஒளித்தூண் சில நிமிடங்களில் நகர்ந்து மறையும். மிதக்கும் தூசியில் பட்டால்தான் கண்ணுக்கே தெரியும் என்பதால் வழிகாட்டிகள் மணலை அள்ளித் தூவியதும் உண்டு. அதைப் படமெடுக்கக் கூட்டம் நெருக்கித் தள்ளுவதும் இயல்பே. சுவரிலிருந்து சுவருக்கு எதிரொளித்து இறங்கும் மென்மையான வெளிச்சம்தான் இந்தப் பிளவுகளின் உண்மையான அழகு என்பேன். மேலே செம்மஞ்சளாகத் தொடங்கி, கீழே வரவர ஊதா வரை மாறும் அந்த வண்ணங்களுக்கு நேர்க்கதிர் தேவையில்லை; சொல்லப்போனால் அது பட்ட இடம் படத்தில் வெளிறிப்போகும். அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் இதற்கு ஏற்றவை. வெப்பம் தணிந்திருக்கும், இடிமழைக் காலமும் முடிந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் குளிர் கடுமை. காலை உறைநிலைக்குக் கீழே போகும் நாட்களும் உண்டு.

கேள்வி: அங்கே நேரக் கணக்கில் குழப்பம் வரும் என்கிறார்களே?

பதில்: வரும். அரிசோனா மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதற்குள் அமைந்த நவாஹோ நிலப்பகுதி மாற்றுகிறது. பக்கத்து மாநிலமான யூட்டாவும் மாற்றுகிறது. ஆனால் ஆன்டிலோப் பயணங்கள் பேஜ் நகரின் அரிசோனா நேரப்படியே நடக்கின்றன. கோடையில் கைபேசி தானாக நவாஹோ நேரத்துக்குத் தாவி ஒரு மணி நேரம் முன்னதாகக் காட்டக்கூடும். அப்போது நீங்கள் காத்திருக்க நேருமே தவிர இழப்பு இல்லை. குளிர்காலத்தில், அரிசோனாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய லாஸ் வேகஸ் நகரிலிருந்து காரில் வருவோர்தாம் ஒரு மணி நேரத்தை இழந்து பயணத்தைத் தவறவிடக்கூடும். முன்பதிவில் உள்ளது எந்த நேரம் என்று உறுதிசெய்துகொண்டு, கைபேசியில் அரிசோனாவின் தலைநகரான ஃபீனிக்ஸ் நகர நேரத்தை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள்.