பிரெஞ்சுத் தத்துவச் சொற்கள்: கேள்வி பதில்

கேள்வி: கருத்தியல் என்று நாம் வழங்கும் 'இதேயோலொழி' மார்க்ஸ் படைத்த சொல்லா?

பதில்: இல்லை. கருத்துகள் புலனுணர்விலிருந்து எவ்வாறு பிறக்கின்றன என்று ஆராயும் அறிவியலுக்குப் பெயராக 1796இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெஸ்த்யூ த திராசி அதை உருவாக்கினார். அவருடைய குழுவினரை நடைமுறை அறியாதவர்கள் என்று நெப்போலியன் சாடியபோது அதில் இகழ்ச்சி ஏறியது.

கேள்வி: பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தரின் 'மொவேஸ் ஃபுவா', ஆங்கிலத்தில் 'பேட் ஃபெய்த்' என்று வருவது, தீய நம்பிக்கையா?

பதில்: அன்று. ஆங்கிலத்தின் வழியே பிரெஞ்சுக்குப் போகாதீர்கள் என்று மன்றாடுவது இதற்காகத்தான். தன் பக்கம் தவறென்று தெரிந்தும் ஒப்புக்கொள்ளாமல் வாதிடுபவரைக் குறித்துப் பிரெஞ்சுக்காரர்கள் அன்றாடம் சொல்லும் சொல் இது. மனிதன் தன் சுதந்திரத்தைத் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்வதற்கு 1943இல் சார்த்தர் அதைப் பெயராக்கினார்.

கேள்வி: பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதாவின் 'தேகோன்ஸ்த்ருக்சியோன்' (ஆங்கிலத்தில் 'டிகன்ஸ்ட்ரக்‌ஷன்') கட்டுடைப்பா, கட்டவிழ்ப்பா?

பதில்: கட்டவிழ்ப்பு. இச்சொல்லை ஜப்பானிய மொழியில் பெயர்ப்பது குறித்து 1983இல் எழுதிய கடிதத்தில் தெரிதாவே அதன் வரலாற்றைச் சொல்கிறார். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகரின் 'டெஸ்ட்ருக்ஸியோன்', 'அப்பாவ்' (பிரித்தெடுத்தல்) ஆகியவற்றுக்கு நிகர் தேடியவர், பிரெஞ்சின் 'தெஸ்த்ருக்சியோன்' அழித்தொழிப்பையே முன்னிறுத்தியதால் அதை ஒதுக்கினார். மனத்தில் தோன்றிய இச்சொல் நல்ல பிரெஞ்சுதானா என்று லித்ரே என்னும் பிரெஞ்சு அகராதியில் தேடினார். சொற்றொடரில் சொற்களின் அமைப்பைக் கலைத்தல் என்ற இலக்கணப் பொருளும், வேறிடத்துக்குக் கொண்டுபோவதற்காக எந்திரத்தைக் கழற்றுதல் என்ற பொருளும் அங்கே இருந்தன. கழற்றிய எந்திரம் உடைந்த எந்திரமன்று.

கேள்வி: கட்டுடைப்பு வேரூன்றிவிட்டதே? 'அவிழ்ப்பு' என்றால் கட்டுமானம் என்ற பொருள் போய்விடாதா?

பதில்: போகாது. மூட்டையையும் கட்டுகிறோம், வீட்டையும் கட்டுகிறோம். அந்தப் பொருளைக் 'கட்டு' சுமக்கிறது. வழக்குக்கு மதிப்புண்டு, ஆனால், பிரதியைத் தகர்ப்பதே தெரிதாவின் நோக்கம் என்று எண்ணுவதற்கு 'உடைப்பு' இடம் கொடுத்துவிட்டது. பேச்சு உயர்வு, எழுத்து தாழ்வு என்பது போன்ற வரிசையைப் பிரதியின் சொற்களே எங்கே தாங்க மறுக்கின்றன என்று வரிவரியாக வாசிப்பதே அவர் செய்த வேலை.

கேள்வி: வீட்டை எப்படி ஐயா அவிழ்ப்பது? உடைக்கத்தானே வேண்டும்?

பதில்: ஓட்டுக்கூரையைப் பிரிக்கிறோம் என்றுதானே சொல்கிறோம்? ஓடும் சட்டமும் மறுபடி ஏறும். 'கட்டுப்பிரிப்பு' என்று நீங்கள் முன்மொழிந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

கேள்வி: கட்டுடைப்பு என்றால் சுருக்கமாக என்ன?

பதில்: மேலே உள்ள மூன்று பதில்களையும் முழுமையாகப் படியுங்கள். இதை இன்னொரு முறை எழுத மாட்டேன்.

கேள்வி: ஹைடெகரின் 'டாசைன்'?

பதில்: ஜெர்மன் மூலத்தில் பயின்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோவின் 'சவுவார்', 'கொனேசான்ஸ்' இரண்டும் அறிவுதானா?

பதில்: ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லானதால் வந்த குழப்பம், மறுபடியும் சொல்கிறேன், பிரெஞ்சு மூலத்தைத் திறந்து பாருங்கள். அறிபவருக்கும் அறியப்படும் பொருளுக்கும் உள்ள உறவு 'கொனேசான்ஸ்'; ஒரு காலத்தில் அப்படியொரு பொருள் அறிவுக்கு எட்டுவதற்கே தேவையான நிலைமைகள் 'சவுவார்'. முன்னதை 'அறிதல்' என்றும் பின்னதை 'அறிவுப்புலம்' என்றும் நான் எழுதுகிறேன்.