மேல ஐஸ் கட்டுது, கீழ மாவு புளிக்குது

கேள்வி: தம்பி, எங்க ரெண்டு கதவு ஃப்ரிட்ஜ்ல ஃப்ரீசருக்குள்ள ஒரே ஐஸு, கீழ சுத்தமா குளிர் இல்ல. ராத்திரி ஆட்டி வச்ச மாவு விடியக்குள்ள பொங்கி தட்டுல வழிஞ்சு கெடக்கு. ஒரு நாள் பூரா ஆஃப் பண்ணி வச்சா நாலஞ்சு நாள் நல்லா ஓடுது, திரும்ப அப்படியே. பாக்க வந்தவரு கேஸ் ஏத்தணும்ங்கிறாரு, ஏத்திரவா?
- ஒரு ஆச்சி, கோட்டையூர்

பதில்: வேணாம் ஆச்சி, கேஸுக்கு காசு குடுத்துறாதீங்க. ஆஃப் பண்ணி வச்சா நாலஞ்சு நாள் நல்லா ஓடுதுன்னு எழுதிருக்கீங்கல்ல, கேஸ் போயிருந்தா அப்படி ஓடாது. ஃப்ரீசர் பின்பலகைய கழட்ட சொல்லி காயில, அதான் குளிர் குடுக்குற குழாய் சுருள, பாருங்க, கேஸ் கொறஞ்சிருந்தா ஒரு ஓரமா மட்டும் பனி பிடிக்கும், முழுசா மூடி இருந்தா கோளாறு ஐஸ் கரைக்கிற பக்கம். தேவையில்லாம கேஸ் ஏத்தி காச விட்ட வீடுங்கள பாத்து பாத்து மனசு கேக்கல, அதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

ஐஸ் கரைக்கிறதுக்குன்னே ஒரு டைமர் இருக்கு, அது சில மணி நேரத்துக்கு ஒருக்கா கம்ப்ரெசர நிறுத்திட்டு ஹீட்டர போடும், அந்த ஹீட்டருக்கு கரண்ட் போற வழியில காயில் குழாய கவ்விக்கிட்டு காசு சைஸ்ல பைமெட்டல்னு ஒரு சுவிட்ச் இருக்கும், நல்ல குளிர்ல அது சேந்துக்கும், ஐஸ் கரைஞ்சு சூடு ஏறினா விட்டுரும். அது சேராம போச்சுன்னா ஹீட்டர் எரியாது, ஐஸ் ஏறி காத்து வழி அடைஞ்சு கீழ குளிர் இறங்காது.

பிளக்க புடுங்கிட்டு ஐஸ தானா உருக விடுங்க, கத்தியால குத்தவே கூடாது, காயில்ல ஓட்ட விழுந்தா அப்பதான் நெஜமாவே கேஸ் போகும், இப்ப வர்ற நெறைய ஃப்ரிட்ஜ்ல தீப்பிடிக்கிற கேஸ் வேற. பைமெட்டல கழட்டி பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, ஐஸும் கல்லுப்பும் கலந்த கிண்ணத்துல கால் மணி நேரம் பொதச்சு வைங்க, உருகுற வெறும் ஐஸ் 0 டிகிரியிலயே நிக்கும், அதுக்குதான் உப்பு. உள்ள இருக்கையிலேயே கரண்ட் வழி சேந்திருக்கான்னு மல்டிமீட்டர் வச்சு பாத்தா பீப் வரணும், வரலன்னா அதான் போச்சு. வந்துச்சுன்னா ஹீட்டரையும் ஃப்யூஸையும் டைமரையும் பாக்க சொல்லுங்க.

மாடல் நம்பர் சொல்லி அதே மாதிரி வாங்கி, கழட்டின அதே எடத்துல குழாயோட ஒட்ட கவ்வுற மாதிரி மாட்டணும், தள்ளி மாட்டினா ஐஸ் பாதியிலயே நிக்கும். வயர் வேலைய தெரிஞ்ச ஆள்கிட்டயே விடுங்க, ஜாயிண்டுக்கு சூட்டுல சுருங்குற ஸ்லீவ் போட்டு சூடு காட்டி அடைக்க சொல்லுங்க, வெறும் டேப் அந்த ஈரத்துல நிக்காது. பலகைய மூடுறதுக்கு முன்ன அடியில தண்ணி இறங்குற ஓட்டையில ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, பின்னாடி தட்டுக்கு வந்து சேருதான்னும் பாத்துக்கங்க.