கேம்பெயின் தொடங்க முதல் எந்தப் படத்தைப் போடுறது?

கொக்குவிலில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அஞ்சு பேர் சேந்து டி அண்ட் டி (Dungeons & Dragons, ஆளாளுக்கு ஒரு கேரக்டராகி டைஸ் உருட்டிக் கதையா விளையாடுறது, தொடர்ந்து போற கதைதான் கேம்பெயின்) விளையாடப் போகினம், அவர்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துறவர், கதை பாழடைஞ்ச ஒரு இராச்சியத்துக்குக் கீழ போற சுரங்கத்தைப் பற்றினது, ஆனா பெடியள் எல்லாரும் புதுசு, கூடினாலே பகிடிதான். முதல் செஷனுக்கு, அதாவது முதல் தரம் கூடி விளையாட முன்னம், லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் மூண்டு பாகத்தையும் நீளமான பதிப்பில போட்டுக் காட்டினா மூட் வருமோ எண்டு கேக்கிறார்.

வேண்டாம் தம்பி. மூண்டும் சேத்து 11 மணித்தியாலத்துக்கு மேல வரும், முடியேக்க எல்லாரும் களைச்சுப் போயிருப்பினம், அதோட ஆளாளுக்கு தாங்கள்தான் அந்தப் படத்து வீரன் அரகோர்ன் எண்டு நினைச்சுக்கொண்டு உங்கட கதைக்குள்ள வருவினம். உங்களுக்கு வேண்டியது மனநிலை மட்டும்தான், அதுக்கு ஒரு துண்டு காணும்.

2001 இல வந்த முதல் பாகத்தில மோரியாச் சுரங்கத்துக்குள்ள போறதில இருந்து பாலம் உடையிற வரைக்கும் ஏறத்தாழ அரை மணித்தியாலம், அதை மட்டும் போடுங்கோ. அதில பயணக் கூட்டத்தில ஒருத்தனான பிப்பின் கிணத்துக்கட்டில இருக்கிற எலும்புக்கூட்டில கை வைப்பான், முதல்ல தலை விழும், பிறகு உடம்பு, அதோட சங்கிலியும் வாளியும் இழுபட்டுக்கொண்டு போகும், ஒவ்வொரு அடியும் கீழ கீழ எண்டு கேக்கும். பிறகு ஒரு சத்தமும் இல்லை. தப்பிட்டம் எண்டு நினைக்கேக்கதான் ஆழத்தில இருந்து முரசு அடிக்கத் தொடங்கும். ஒரு பூதத்தையும் இன்னும் கண்ணால காணேல்ல, ஆனா பயம் வந்திட்டுது பாருங்கோ! முதல்ல சத்தத்தைக் குடுத்திட்டுப் பொறுத்திருந்து, உருவத்தைக் கடைசியாக் காட்டுறதுதான் சுரங்கக் கதையின்ர உயிர். இன்னொண்டு, வினை வந்தது அவங்களில ஒருத்தன்ர கையால. உங்கட விளையாட்டிலயும் 20 முக டைஸில ஆகக் குறைஞ்ச எண்ணான ஒண்டு விழேக்க 'தவறிட்டுது' எண்டு சொல்லிப்போட்டு விடாம இப்பிடி ஒரு சத்தத்தைக் குடுங்கோ.

கிணறு எண்டால் எங்கட ஆக்களுக்குச் சும்மாவே ஒரு பயம் இருக்கு. நவக்கிரியில நிலாவரை இருக்கு, மேல நல்ல தண்ணி, ஆழம் போகப் போக உப்பு, அடியே இல்லை எண்டு சனம் சொல்லுற கிணறு. ஒரு பின்னேரம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிப்போட்டு அப்பிடி ஒரு கிணத்தையே சுரங்கத்து வாசலா வையுங்கோ, ரீவியால வராத மூட் அதால வரும்.

நீங்கள் மட்டும் தனிய இருந்து பாக்க வேண்டிய படம் தும்பாட், 2018 இல வந்த ஹிந்திப் படம், வயது வந்தவைக்கு மட்டும். பெடியளுக்குக் காட்டினா அடுத்தது என்ன எண்டு பிடிச்சிடுவாங்கள். அதில வாற ஹஸ்தர் எண்ட பூதத்துக்கு ஓயாத பசி, மாப் பொம்மையைக் குடுத்து அதின்ர கவனத்தைத் திருப்பலாம், மாவால வட்டம் போட்டு உள்ள நிண்டா தப்பலாம், கோவணத்தில இருக்கிற காசைப் பறிச்சுக்கொண்டு ஓடலாம். சட்டம் தெளிவா இருக்கிறதாலதான் அது மீறப்படேக்க நெஞ்சு பதறுது. உங்கட பூதத்துக்கும் இப்பிடி ரெண்டு மூண்டு சட்டத்தை முதலே எழுதி வையுங்கோ.

பகிடி கூடிப்போச்சு எண்டதுக்கு என்ர மருந்து குரோசாவாவின்ர ஏழு சாமுராய். 1954 இல வந்தது, முழுப்படம் கிட்டத்தட்ட மூண்டரை மணித்தியாலம், ஆனா சாமுராய்களுக்குத் தலைவரான கம்பெய் முதன்முதலா வாற இடம் மட்டும் போதும். பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கிற கள்ளனை நெருங்க அவர் தன்ர குடுமியை வழிச்சு, துறவியின்ர உடுப்பை வாங்கிப் போட்டு, சோத்துருண்டையோட போவார். குடுமி எண்டுறது ஒரு சாமுராயின்ர மானம், அதைத் துணிஞ்சு வழிச்சவுடனயே ஆள் ஆரெண்டு விளங்கிடுது. இதைப் போட்டிட்டு, உங்கட கேரக்டர் ஆருக்காக எதை இழக்கும் எண்டு ஒவ்வொருத்தரிட்டயும் கேளுங்கோ. பதில் வர வர ஆக்கள் தாங்களே அமைதியாவினம்.

செல்வராகவன்ர ஆயிரத்தில் ஒருவன், 2010 இல வந்தது, சுரங்கத்தில வைக்கிற பொறிகளுக்கு யோசினை எடுக்க நல்லது, நடராசர் நிழல் விழுகிற கட்டத்தைப் பாருங்கோ. 2023 இல வந்த டி அண்ட் டி படம் எனக்கு நல்ல விருப்பம், செத்தவனை எழுப்பி அஞ்சு கேள்வி கேக்கிற இடம் விளையாட்டில இருக்கிற மந்திரத்தின்ர விதியேதான், ஆனா அது பகிடிப் படம், உங்கட குழுவுக்கு இப்ப வேண்டாம், ஆறேழு செஷன் போகட்டும்.

படத்துண்டு முடிஞ்ச உடன ரீவியை நிப்பாட்டி ஃபோனுகளையும் ஒரு பக்கம் வைச்சிட்டு நேரா விளையாட்டைத் தொடங்குங்கோ, சாப்பாட்டை முன்னமே முடிச்சிடுங்கோ. பின்னணிக்கு 1982 கோனன் படத்துக்கு பாசில் பொலிடூரிஸ் போட்ட இசை நல்லாப் பொருந்தும், கதைக்கிறது மேல கேக்கிற அளவுக்குச் சத்தத்தைக் குறைச்சு விடுங்கோ. தமிழ்ப்படப் பிஜிஎம் மட்டும் போடாதேங்கோ, ரெண்டாவது நிமிசத்தில எல்லாரும் பாடத் தொடங்கிடுவாங்கள்.