வெட்டியும் ஒட்டியும்: படத்தொகுப்பு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி (மதுரை): மாண்டேஜ் என்றால் பாட்டின் நடுவே காதல், கல்யாணம், குழந்தை எல்லாம் மளமளவென்று ஓடுமே, அதுதானே?

பதில்: நம் ஊர் வழக்கில் அதுதான். வாயசைப்பு இல்லாமல் பின்னணியில் பாட்டு ஒலிக்க, மாதக்கணக்கான கதையை நாலு நிமிடத்தில் கடத்துவதை மாண்டேஜ் பாட்டு என்கிறோம். சொல் பிரெஞ்சு, பாகங்களைப் பொருத்துவது என்று பொருள். ரஷ்யர்கள் படத்தொகுப்பையே மாண்டேஜ் என்றார்கள். ஒரு ஷாட்டில் (வெட்டில்லாமல் ஓடும் ஒரு துண்டில்) தனியாக இல்லாத அர்த்தம், பக்கத்தில் இன்னொன்றை ஒட்டியதும் பிறக்கிறது என்பதை 1920களில் குலெஷோவ், ஐசன்ஸ்டைன், புதோவ்கின் என்ற சோவியத் இயக்குநர்கள் பிடித்துக்கொண்டார்கள். கீழே பேசுவது அந்த மாண்டேஜைப் பற்றி.

கேள்வி (திருச்சி): குலெஷோவ் சோதனையை வகுப்பில் செய்து பார்த்தோம். ஒரே முகம்; அதோடு சாப்பாடு, பாடை, குழந்தை என மூன்று ஷாட்களை மாற்றி மாற்றி ஒட்டினோம். அதே முகத்தில் பசி, துக்கம், பாசம் என்று வேறு வேறு உணர்ச்சி தெரிய வேண்டும். "மூஞ்சி ஒரே மாதிரிதானே இருக்கு" என்றுவிட்டார்கள். தவறு எங்கே?

பதில்: மூன்றையும் ஒரே ஆட்களுக்கு அடுத்தடுத்துக் காட்டியிருப்பீர்கள். இரண்டாவது முறையே குட்டு உடைந்துவிடும். ஒரு குழுவுக்கு ஒரு துண்டு மட்டும் காட்டுங்கள். முகம் 5 நொடி, பொருள் 3 நொடி, மறுபடி முகம் 7 நொடி. திரும்பி வரும் முகம்தான் வேலை செய்கிறது, அதற்கு நேரம் கொடுங்கள்.

அடுத்தது பார்வைக்கோடு. முகம் கேமராவுக்கு இடப்புறம் சற்றுக் கீழே பார்த்தால், பொருளை அந்த உயரத்திலிருந்து அந்தக் கோணத்தில் எடுக்க வேண்டும். முகத்தில் ஜன்னல் வெளிச்சமும் தட்டில் டியூப்லைட்டும் இருந்தால் இரண்டும் ஒரே அறை என்று கண் ஒப்புக்கொள்ளாது. நடிப்பவரிடம் "ஒன்றும் செய்யாதே" என்று சொல்லாதீர்கள், முகம் செத்துவிடும். தூரத்தில் ஒலிக்கும் சத்தம் எதையாவது உற்றுக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கோவை): ஐசன்ஸ்டைனின் 'பொதெம்கின் போர்க்கப்பல்' படத்தில் சிப்பாய்கள் மக்களைச் சுட்டு விரட்டும் ஒதேசா படிக்கட்டுக் காட்சி வசனமே இல்லாமல் இன்றும் பதறவைக்கிறது. எப்படி?

பதில்: அந்தப் படிக்கட்டில் 192 படிகள். ஓடி இறங்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. 1925இல் வந்த படத்தில் அது பல நிமிடம் நீள்கிறது. ஓடும் கூட்டம், தடுமாறும் கால்கள், விழுபவர்கள் என ஒரே சமயத்தில் நடப்பதையெல்லாம் ஐசன்ஸ்டைன் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறார். முடிவுக்கு வந்து சேரவே முடியாது என்ற திணறல் அப்படித்தான் உண்டாகிறது.

திசைகளைப் பாருங்கள். கூட்டம் சிதறிக் கீழே ஓடுகிறது. சிப்பாய்கள் நேர்வரிசையாய், அவசரமே இல்லாமல், கீழே இறங்குகிறார்கள். நடுவில் ஒரு தாய், அடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக மேலே ஏறுகிறாள். அத்தனை பேரும் இறங்கும் இடத்தில் ஒருத்தி ஏறுவதே நெஞ்சைப் பிடிக்கிறது.

இன்னும் நுட்பம் தாளத்தில். பூட்ஸ் கால்கள் படியில் பதியும் தாளமும் வெட்டின் தாளமும் ஒத்துப்போவதில்லை. வேண்டுமென்றே விலக்கியிருப்பதை ஐசன்ஸ்டைனே எழுதியிருக்கிறார். தாளம் பொருந்தியிருந்தால் அது அணிவகுப்பாகியிருக்கும். அந்த இழுபறி உச்சத்துக்கு வந்ததும் கால்களின் வேலையைக் குழந்தை வண்டி எடுத்துக்கொள்கிறது. இறங்குவது உருளுவதாக மாறுகிறது. வண்டி உருளுமுன் சக்கரம் படி விளிம்பில் தயங்கும் ஷாட் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வண்டி ஓடும்போது இருப்பதைவிடப் பதற்றம் அங்கேதான் அதிகம்.

கேள்வி (ஈரோடு): என் குறும்படத்தில் துரத்தல் காட்சி 3 நிமிடம், 90 ஷாட். இவ்வளவு வேகமாக வெட்டியும் பரபரப்பே வரவில்லை. பின்னணி இசை போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. 180 நொடியில் 90 ஷாட் என்றால் சராசரி 2 நொடி, அதாவது நொடிக்கு 24 ஃப்ரேம் (படச்சட்டம்) கணக்கில் 48 ஃப்ரேம். உங்கள் ஷாட்களில் பெரும்பாலானவை அதையொட்டியே இருக்கும் என்று நினைக்கிறோம். ஒரே சீரான ஆட்டம் தொட்டிலுக்கு நல்லது, துரத்தலுக்கு ஆகாது.

ஒவ்வொரு ஷாட்டின் நீளத்தையும் ஃப்ரேம் கணக்கில் ஒரு தாளில் எழுதுங்கள். முதல் அரை நிமிடத்தை 5 ஷாட்டில் முடியுங்கள்: சந்து எங்கே, கதவு எங்கே, யாருக்கும் யாருக்கும் எவ்வளவு தூரம். இடம் புரியாதவனுக்குப் பயம் வராது, குழப்பம்தான் வரும். அதன்பிறகு 72, 60, 40, 24 என்று குறையுங்கள். எல்லா ஷாட்டையும் ஒரே அளவில் குறைக்கக் கூடாது. க்ளோஸ்-அப் 12 ஃப்ரேமில் புரிந்துவிடும். ஆட்களும் வண்டிகளும் நிறைந்த வைட் ஷாட்டுக்கு 40 ஃப்ரேமாவது வேண்டும். உச்சிக்கு முன் ஒரு ஷாட்டை மட்டும் வெட்டாமல் 5 நொடி விடுங்கள். அத்தனை வெட்டும் சேர்த்து வைத்த பதற்றம் அங்கேதான் கொட்டும்.

பெரிய தப்பு இன்னொன்று உண்டு. ஓடுபவன் கதவைத் திறந்து உள்ளே போனபிறகு துரத்துபவனுக்கு வெட்டினால், பார்வையாளர் நிம்மதியாகிவிடுவார். கை தாழ்ப்பாளில் இருக்கும்போதே வெட்டுங்கள். துரத்துபவனின் காலடிச் சத்தத்தை அவன் தெரிவதற்கு 8, 10 ஃப்ரேம் முன்பே விடுங்கள். ஓடுபவன் இடமிருந்து வலம் ஓடினால் துரத்துபவனும் அப்படியே ஓட வேண்டும், இல்லையேல் இருவரும் மோதிக்கொள்ளப் போவதாகத் தோன்றும். இத்தனையும் இசையில்லாமல் செய்யுங்கள். எடிட்டில் இசை போட்டுப் பார்த்தால் ஓட்டை தெரியாது.

கேள்வி (தஞ்சாவூர்): முத்தத்துக்குப் பதில் இரண்டு பூ உரசுவது, சாவுக்கு விளக்கு அணைவது. பழைய படங்களின் இந்த உத்தியும் மாண்டேஜ்தானா?

பதில்: அதேதான். ஆனால் தேய்ந்துபோனது. பூவைப் பார்த்ததும் அர்த்தம் தயாராக இருப்பதால் பார்ப்பவர் மனதுக்கு வேலையில்லை. 'வேலைநிறுத்தம்' படத்தில் ஐசன்ஸ்டைன் தொழிலாளர்கள் கொல்லப்படுவதோடு மாடு அறுக்கும் காட்சியை மாற்றி மாற்றி வெட்டினார். தன் மாட்டைத் தானே அறுத்துப் பழகிய விவசாயிக்கு அது எந்த அதிர்ச்சியும் தராது என்று பிறகு அவரே எழுதினார். அர்த்தத்தின் பாதி பார்ப்பவர் கையில் இருக்கிறது.

புதோவ்கின் 'தாய்' படத்தில் (1926) வேறு வழி பிடித்தார். ஊர்வலத்தோடு ஆற்றுப் பனி உடைவதைச் சேர்க்கிறார். தப்பி வரும் மகன் அந்தப் பனிக்கட்டிகள் மேல்தான் ஆற்றைத் தாண்டுகிறான். உவமை கதைக்குள்ளேயே கிடக்கிறது. விளக்குத்தான் வேண்டுமென்றால், முதல் ரீலிலேயே அந்த வீட்டுக் கிழவி தினமும் அதற்கு எண்ணெய் ஊற்றுவதைக் காட்டிவிடுங்கள். கடைசியில் அணையக்கூட வேண்டாம். எண்ணெய் ஊற்றாத ஒரு சாயங்காலத்தைக் காட்டினாலே போதும்.