அண்ணனுக்கு இருந்தால் என் பிள்ளைக்கும் வருமா?

கேள்வி: அண்ணனுக்கு 22 வயதிலிருந்து மனச்சிதைவு நோய். இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். ஜீன் டெஸ்ட் எடுத்தால் என் குழந்தைக்கு வருமா என்று தெரிந்துவிடுமா டாக்டர்?
– வாசகி, திருச்சி

பதில்: தெரியாதும்மா. அதைச் சொல்லும் டெஸ்ட் இன்று கிடையாது. இருப்பதாகச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். 2022ல் வந்த பெரிய ஆய்வில் 76,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களை அலசினார்கள். சிக்கியது ஒரு ஜீன் அல்ல, 287 இடங்கள்! ஒவ்வொன்றும் துளியூண்டுதான் ஆபத்தைக் கூட்டுகிறது. அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். உங்கள் பிள்ளையைப் போல, நோயாளியின் உடன்பிறந்தவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் 100ல் 3, 4 பேருக்கு வரலாம். பொதுவாக எல்லோருக்கும் 100ல் ஒருவர்.

2016ல் சி4 என்ற ஜீனுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைப் பிடித்தார்கள். வளரும் பருவத்தில் மூளை தன் நரம்பு இணைப்புகளைக் கத்தரித்துச் சீராக்கும். அந்த வேலையில் இதற்குப் பங்குண்டு. இளவயதில் நோய் தலைகாட்டுவது ஏன் என்பதற்கு ஒரு துப்பு கிடைத்ததே என்று அன்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

மஞ்சப்பையில் பழைய ஃபைல்களோடு வரும் அம்மாக்கள், "என் வழியா, அவர் வழியா?" என்று அழுவார்கள். யார் வழிக் குற்றமும் இல்லை. வரன் வீட்டாரிடம் அண்ணன் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். பையனையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை மனநல மருத்துவரைப் பாருங்கள்.