காசு கொடுத்து வாங்கின கேமை கம்பெனி நிறுத்திவிட்டால்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேனுங்க. சில வருடங்களுக்கு முன் தீபாவளி போனஸ் காசில் ஆசைப்பட்டு ஒரு கார் ரேஸ் கேமை டிஸ்க்காகவே வாங்கினேன். போன வருடம் அதன் சர்வரை நிறுத்திவிட்டார்கள். இப்போது போட்டால் டிஸ்க் சுற்றுகிறது, கம்பெனி பெயர் வருகிறது, ‘இணைக்க முடியவில்லை’ என்று அப்படியே நின்றுவிடுகிறது. நான் யாரோடும் சேர்ந்து ஆடியதில்லை, தனியாகத்தான் ஓட்டினேன். டிஸ்க்கில் ஒரு கீறல்கூடக் கிடையாது. இதைத் தடுக்கச் சட்டம் வேண்டாமா? எனக்கு ஏதாவது கிடைக்குமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: சட்டம் கட்டாயம் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. எதுவரை போகலாம் என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு நடந்த மாதிரி ஒன்றிலிருந்துதான் உலக அளவில் இந்தப் பேச்சே கிளம்பியது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ 2014 டிசம்பரில் வந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை காரிலேயே போகவிட்ட கேம். தனியாக ஆடக் கதையும் இருந்தது. ஆனாலும் சர்வரோடு, அதாவது கம்பெனி வைத்திருக்கும் கணினியோடு, இணையத்தில் தொடர்பு இருந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். அதோடு விடாமல், வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே கேமை எடுத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் வழக்கு வந்தபோது, ‘நாங்கள் கொடுத்தது ஆடுவதற்கான அனுமதிதான், கேம் உங்கள் சொத்து இல்லை’ என்றது கம்பெனி. வழக்குப் போட்டவர்கள் பெட்டியோடு வந்த ஆக்டிவேஷன் கோடு சீட்டைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அந்தக் கோடு 2099 வரை செல்லும் என்று அதில் அச்சடித்திருந்தது.

ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுமக்கள் மனுவாக இது போனது. தேவையான 10 லட்சம் கையெழுத்தை 2025 ஜூலையில் தாண்டியது. பிரிட்டனிலும் ஒரு லட்சம் கையெழுத்து தாண்டி, நவம்பரில் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. ஆனால் சட்டத்தைத் திருத்தும் எண்ணமில்லை என்பதே அந்த அரசின் பதில்.

இந்த மனு என்ன கேட்கிறது என்று பலருக்குத் தெரியாது. சர்வரைக் காலாகாலத்துக்கும் ஓட்டு என்று யாரும் கேட்கவில்லை. உரிமையை எழுதிக் கொடு என்றும் கேட்கவில்லை. மூடுகிற அன்றைக்கு, கம்பெனி தயவு இல்லாமல் ஆடும் நிலையில் கேமை விட்டுவிட்டுப் போ, அவ்வளவுதான். கோயமுத்தூரில் மோட்டார் வாங்கிக் கிணற்றில் இறக்குகிறோம். பத்து வருடம் கழித்து அந்தக் கம்பெனியை மூடிவிட்டால் சர்வீஸ் கிடைக்காது, ஸ்பேர் கிடைக்காது, சரி. மோட்டாரையே தூக்கிக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்குமா?

எதிர்த்தரப்பு சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. ‘வீடியோ கேம்ஸ் யூரோப்’ என்ற தொழில் அமைப்பு சொல்கிறது: ஆட்டக்காரர்கள் தாங்களே சர்வர் நடத்தினால், அவர்களின் தகவலைப் பாதுகாக்கவும் சட்டவிரோதமான விஷயங்களை நீக்கவும் கம்பெனி வைத்திருந்த ஏற்பாடு இருக்காது, பல கேம்கள் ஆரம்பத்திலிருந்தே ஆன்லைனுக்கென்று கட்டப்பட்டவை, மாற்றச் செலவு தாங்காது. ஏற்கெனவே வெளிவந்த கேம்களைப் பொறுத்தவரை இதில் நியாயம் இருக்கிறது. அடுத்தவரிடம் லைசென்ஸ் எடுத்த மென்பொருள் உள்ளே கலந்திருக்கும், அதைப் பிரித்து வெளியே கொடுக்க முடியாது. அதனால் சட்டம் பின்னோக்கிப் பாயக்கூடாது, இனி வருகிற கேம்களுக்கு மட்டும் இருந்தால் போதும் என்பது என் கருத்து. முடிவை யோசித்துக்கொண்டே கட்ட ஆரம்பித்தால் செலவு அப்படியொன்றும் ஏறாது.

‘முடியவே முடியாது’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். ‘தி க்ரூ’வின் ரசிகர்கள் தாங்களே சர்வர் மென்பொருள் எழுதி 2025 செப்டம்பரில் அதை மறுபடி ஓட வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதே யூபிசாஃப்ட், ‘தி க்ரூ 2’ கேமுக்கு இணையம் இல்லாமல் ஆடும் வசதியைக் கொடுத்தது. ஒழுங்காக மூடியவர்களும் உண்டு. கூகுள் ‘ஸ்டேடியா’ என்ற தன் ஆன்லைன் கேம் சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது கேம் வாங்கிய காசைத் திருப்பியது, கையில் இருக்கும் கன்ட்ரோலரைப் புளூடூத்தில் வேறு இடத்தில் பயன்படுத்தவும் வழி செய்தது. சோனியின் ‘கான்கார்ட்’ கேம் 2024-இல் வந்த இரண்டே வாரத்தில் நின்றது, வாங்கியவர்களுக்கு முழுப் பணமும் திரும்ப வந்தது. மனசு வைத்தால் நடக்கிறது. அவரவர் மனசைப் பொறுத்தது என்று இருப்பதுதான் பிரச்சினை.

இனி உங்கள் விஷயம். நம் நாட்டில் நின்றுபோன கேம்களுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் ஜெயித்தால் பணம் வரும் என்று பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்வது பற்றியது, இதைத் தொடவில்லை. உங்களுக்குக் கைகொடுப்பது 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை உண்டான நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். நியாயமான காரணமில்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் ஷரத்தை இந்தச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்கிறது. ஆனால் அந்த வாதத்தை மாநில ஆணையத்தில்தான் வைக்க முடியும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள், அது இலவசம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்லவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். பல வருடம் ஆடிய கேமுக்குப் பெரிய தொகை வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் போடுங்கள். இப்படி மனுக்கள் வந்தால்தான் இங்கேயும் சட்டம் செய்பவர்கள் காதில் விழும்.

கேள்வி: 2020-இல் பப்ஜி தடையானபோது நான் காசு போட்டு வாங்கின யூசி (கேமுக்குள் செலவழிக்கும் காசு) எல்லாம் போயிற்று. இதுவும் அந்தக் கணக்குத்தானா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லை. அது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அரசு போட்ட தடை, கம்பெனியாக எடுத்த முடிவு அல்ல. மேலே சொன்ன மாதிரி சட்டம் வந்தாலும் அதற்குப் பொருந்தாது. 2021 ஜூலையில் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ளக் கொஞ்ச காலம் வாய்ப்புக் கொடுத்தார்கள். இனி எந்த கேமிலாவது மூடப்போவதாக அறிவிப்பு வந்தால் அன்றோடு டாப்-அப் செய்வதை நிறுத்துங்கள். மீதி இருப்பு, யுபிஐ ரசீது இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பையன் பிறந்த நாளுக்கு கேம் கேட்கிறான். வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகி, ஈரோடு

பதில்: பெட்டியின் பின்பக்கம், கீழே பொடி எழுத்தில், இணைய இணைப்பு கட்டாயம் என்று இருக்கிறதா பாருங்கள். கட்டாயம் என்றால் டிஸ்க்காக வாங்கினாலும் பாதுகாப்பில்லை. கம்ப்யூட்டருக்கு என்றால் ஜிஓஜி என்ற கேம் விற்கும் தளத்தில் வாங்குங்கள். இன்ஸ்டாலரை (கேமை நிறுவும் ஃபைலை) இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டால் தளமே போனாலும் ஓடும். ஸ்டீம் என்ற இன்னொரு தளத்தில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அதனால் வாங்கி இன்ஸ்டால் செய்தவுடன் ஒரு தடவை திறந்து பாருங்கள். அப்புறம் ஸ்டீமை ஆஃப்லைன் மோடில் போட்டு, வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி கேமைத் திறங்கள். திறக்கவில்லை என்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.