ஏ.எம்.எச். 0.9 என்றால் குழந்தை பிறக்காதா?

குடியாத்தத்திலிருந்து 31 வயதுப் பெண் கேட்டிருக்கிறார். அப்படி அர்த்தமே இல்லை. ஏ.எம்.எச். என்பது சினைப்பையில் சுரக்கும் ஒரு ஹார்மோன்; ரத்தத்தில் அதன் அளவு, சினைப்பையில் மிச்சமுள்ள முட்டைகளின் எண்ணிக்கையைத்தான் ஏறத்தாழக் காட்டும். முட்டையின் தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. மாதவிடாய் ஒழுங்காக வந்தால் இயல்பாகவே கரு தங்க வாய்ப்புண்டு.

முதலில் ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள். 1 நானோகிராம்/மி.லி. என்பது 7.14 பிகோமோல்/லிட்டர். வேலூரில் ஒரு லேப், ஆற்காட்டில் ஒரு லேப் என்று எடுத்து, எண்ணை மட்டும் ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் அளவு குறைந்து தெரியும்.

ஏ.எம்.எச். எந்த நாளிலும் எடுக்கலாம். முட்டையை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். அப்படியல்ல: மாதவிடாயின் 2 அல்லது 3-ஆம் நாள், எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். எஸ்ட்ரடையால் ஏறியிருந்தால் எஃப்.எஸ்.எச்.சை அமுக்கி நார்மல்போலக் காட்டிவிடும்.

கணவரின் விந்துப் பரிசோதனையும் இப்போதே வேண்டும். பெண்ணை மட்டும் லேபுக்கு அனுப்புவது நியாயமில்லை.